தண்ணீர் போகும் பக்கம்

"ஜூலை 12, சனி. சேத்தியாத்தோப்புச் சாலைப் பயிற்சிக் கூடம். தம்பி தேறவில்லை. காரணம்: தரை மட்டமாக இல்லை. கடும் வெயில். புவனகிரியில் இறங்கி மோர் குடித்தோம்."

என் நாட்குறிப்பில் அன்றைய பதிவு இவ்வளவுதான். அலுவலகத்தில் கோப்புக் குறிப்பு எழுதிப் பழகிய கை. காரணம் என்று போட்டு, முக்காற்புள்ளி வைத்து, மூன்று சொல்லில் முடித்துவிட்டேன். பின்னால் பல மாதம் அந்த மூன்று சொல்லை நம்பலாமா கூடாதா என்றுதான் மனம் அலைந்துகொண்டிருந்தது.

நான் சிதம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். வீடு கடலூர் முதுநகரில், தம்பி வீட்டு மாடி. காலை ஏழே முக்காலுக்குப் பேருந்து ஏறினால் குடிகாடு தாண்டும்போது தொழிற்பேட்டையின் மருந்து வாடை வரும். உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கைக்குட்டை எடுப்பார்கள். அதன் பிறகு ஆலப்பாக்கம், முட்லூர், சிதம்பரம். இருபத்திரண்டு ஆண்டாக அதே சாலை. வழியில் எந்த வீடு எந்த ஆண்டு மாடி எழுப்பியது, எந்த வீட்டு மாடி கம்பியோடு நின்றது என்று சொல்லிவிடுவேன். மாடி எழும்பினால் அந்த வீட்டில் யாரோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். கம்பியோடு நின்றால் அவர் திரும்பி வந்துவிட்டார்.

தம்பி டைல்ஸ் கொத்தனார். எங்கள் பக்கத்தில் அவனுக்கு நல்ல பெயர். ஆனால் சிங்கப்பூரில் பன்னிரண்டு ஆண்டு இருந்தும் அங்கே ஒரு டைல்கூட ஒட்டியதில்லை. கையில் சான்றிதழ் இல்லாதவனுக்கு அங்கே கிடைத்தது மூட்டை தூக்கும் வேலை, கலவை போடும் வேலை. போன ஆண்டு பர்மிட் முடிந்து திரும்பினான். இப்போது வேறொரு கம்பெனி அவனை டைல்ஸ் வேலைக்கே எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஒரே நிபந்தனை: இங்கேயே தேர்வு எழுதித் தேற வேண்டும். எழுதுவது என்றால் பேனாவால் அல்ல. சின்னத் தடுப்பு ஒன்றுக்குள் தரை போட்டுக் காட்ட வேண்டும். அக்டோபர் முடியும்வரை இடத்தை வைத்திருப்பார்கள் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். அதற்குள் மூன்று முறை தேர்வு வரும். தேறினால் போவான். தேறாவிட்டால் அந்த இடத்துக்கு இன்னொருவர் போவார். முப்பத்தொன்பது வயதில் இன்னொரு கம்பெனி அவனைக் கூப்பிடாது. இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அந்தப் பயிற்சிக் கூடம் முன்பு நெல் காயவைத்த களம். தகரக் கூரை போட்டு, கீழே இரண்டு வரிசையாகத் தடுப்புகள் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு தடுப்புக்கும் மூன்று பக்கம் இடுப்பளவு சுவர், ஒரு பக்கம் திறப்பு. ஒரு கட்டில் போடும் அளவு இடம். அதற்குள் காலையில் தரை போடுவார்கள். மதியம் மாஸ்டர் வந்து பார்ப்பார். நாலு மணிக்கு எல்லாத் தரையையும் கடப்பாரையால் பெயர்த்துவிடுவார்கள். நல்ல டைல்களைத் துடைத்து அடுக்குவார்கள், உடைந்தது மூலைக்குப் போகும். மறுநாள் அதே இடத்தில் அதே தரை. யாரும் நடக்காத தரையை இத்தனை ஆண்கள் இவ்வளவு கவனமாகப் போட்டு உடைப்பதை முதல் நாள் பார்த்தபோது எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. சாலைக்கு வந்து நின்றேன்.

மாஸ்டர் சிதம்பரத்துக்காரர். சிங்கப்பூரில் முப்பது ஆண்டு இருந்தவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேரிங் குண்டு வைத்திருப்பார், கோலிக்குண்டு அளவு, இரும்பு. தரை முடிந்ததும் அதை நடுவில் வைப்பார். குண்டு அப்படியே நின்றால் தலையாட்டுவார். உருண்டால் அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே நடந்து போய் எடுத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த தடுப்புக்குப் போவார்.

தம்பியிடம் மட்டும் சொன்னார். ஜூன் மாதம், அவன் சேர்ந்த இரண்டாம் வாரம். நான் பெர்மிஷன் போட்டுவிட்டுச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தேன்.

"யோவ் கடலூர். நீ என்னா பாத்ரூமா கட்டற?"

"இல்ல மாஸ்டர்."

"பின்ன ஏன் குண்டு வாசலுக்கு ஓடுது?"

பக்கத்துத் தடுப்பில் சேத்தியாத்தோப்புக்காரர் ஒருவர். தம்பியைவிடப் பத்து வயது இளையவர். தம்பியை முதல் நாளிலிருந்தே மாமா என்று கூப்பிட்டு வந்தார். அவர் தலையை நீட்டினார்.

"மாமாவுக்கு வெள்ளம் ஞாபகம் மாஸ்டர். சிங்கப்பூர்ல லிப்டுக்குள்ள தண்ணி பூந்தா வெளிய போவணும்ல."

"நீ உன் தரையப் பாருடா. உங்குது நடுவுல குழி உழுந்து கெடக்குது, மீன் வளக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். ஆனால் அவர் சொன்னது உண்மை. எங்கள் ஊரில் தரை மட்டமாகப் போடுவதில்லை. கடலூரில் மழைக்காலத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வருவது புதிதல்ல. அதனால் கூடத்துக்கும் வாசலைப் பார்த்து வாட்டம் விடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது, காலுக்கும் தெரியாது. தண்ணீருக்கு மட்டும் தெரியும். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் குமிழி நடுக்கோட்டில் நிற்காமல் பாதி தள்ளி நிற்கும். கொத்தனார்கள் அதை அரைக்குமிழி என்பார்கள். தம்பி பதினேழு வயதில் கற்ற வேலை அது. அரைக்குமிழியில் நிறுத்துவது அவனுக்குக் கண்ணைச் சிமிட்டுவது மாதிரி.

வேலை முடிந்ததா என்று பார்ப்பதற்கும் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்காரர் உள் அறை வாசலில் நின்று ஒரு குடம் தண்ணீரைக் கொட்டுவார். அது எங்கும் தேங்காமல் தலைவாசல் வழியாக வெளியே போனால் தரை சரி. பயிற்சிக் கூடத்தில் எதுவும் நகரக் கூடாது. எங்கள் ஊரில் நகர்ந்தே ஆக வேண்டும். இரண்டையும் ஒரே கை செய்ய வேண்டியிருந்தது.

ஏனென்றால் அவன் பயிற்சியில் இருந்த மாதங்களிலும் பாதி நாள் புவனகிரியில் வேலைக்குப் போனான். அங்கே குவைத்தில் இருக்கும் ஒருவருக்கு இரண்டு அடுக்கு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. கொத்தனார்கள் நான்கு பேரும் ஒடிசாக்காரர்கள். தம்பி அவர்களுக்கு மேல். ஊரில் பிறந்த கொத்தனார் எல்லாம் கடல் தாண்டிப் போய்விட, அவர்கள் அனுப்பும் பணத்தில் எழும்பும் வீட்டைக் கட்ட ரயிலேறி இன்னொரு ஊரிலிருந்து வருகிறார்கள். இதைப் பற்றிச் செய்தித்தாளிலும் பொருளாதாரக் கட்டுரைகளிலும் நிறையப் படித்திருக்கிறேன். வளர்ச்சி என்ற சொல் ஒவ்வொரு பத்தியிலும் வரும். எங்கள் சாலையில் அது பொய்யில்லை; நகைக்கடை, டைல்ஸ் ஷோரூம், மஞ்சள் வேன் வரும் பள்ளிக்கூடம் எல்லாம் நான் பார்க்க வந்தவை. ஆனால் புவனகிரி வீட்டு வாசலில் நான் கேட்ட ஒரு வாக்கியம் எந்தக் கட்டுரையிலும் இல்லை. ஒடிசாக்காரர்களில் மூத்தவர் தமிழில் சரளமாகச் சொன்ன ஒரே வாக்கியம் அது:

"அண்ணா, தண்ணி எங்க போகணும்?"

ஒவ்வோர் அறையிலும் வேலையைத் தொடங்குமுன் அதைத்தான் கேட்பார். தம்பி கையால் வாசலைக் காட்டுவான்.

ஜூலை 27, ஞாயிறு, அந்த வீட்டுக் கூடம் முடிந்தது. மாதா கோயில் பூசை முடிந்து நானும் போயிருந்தேன். குவைத்துக்காரர் வீடியோ காலில் வந்தார். அவருடைய மனைவி போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். ஒடிசாக்காரர் குடத்தைச் சாய்த்தார்.

"போனைக் கீழ காட்டு. கீழ. உன் காலு தெரியுது, தரை தெரியல."

"காட்டறேன், கத்தாதீங்க."

"ஓடுதா?"

"ஓடுது, ஓடுது."

"தேங்குதா பாரு, அந்த மூலைல."

"தேங்கலங்க. வாசலுக்குப் போயிடுச்சி."

அந்தப் பக்கம் அவர் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தார். பிறகு, "இன்னொரு கொடம் ஊத்தச் சொல்லு," என்றார். ஊற்றினார்கள். அதையும் பார்த்தார். தம்பி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவர் அந்தத் தரையில் என்று நடப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. அப்படித் தூரத்திலிருந்து பார்ப்பது எப்படி என்று தம்பிக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். எங்கள் வீட்டுத் தரையை அவனும் போனில்தான் முதலில் பார்த்தான்.

இந்த வேலையால்தான் கை கெடுகிறது, புவனகிரியை நிறுத்து என்று மாஸ்டர் சொன்னார். நானும் சொன்னேன். தம்பி நிறுத்தவில்லை. ஆனால் ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து பயிற்சிக் கூடத்தில் அவன் தரையில் குண்டு நின்றது. தொடர்ந்து பதினோரு முறை நின்றது என்று மாஸ்டரே என்னிடம் சொன்னார். "இனிமே பயமில்லம்மா. கடலூர் கைய நிமித்திட்டேன்."

ஆகஸ்ட் 23, சனி, இரண்டாவது தேர்வு. தேர்வாளர் வெளியிலிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. கையடக்க எலக்ட்ரானிக் மட்டக் கருவியை வைத்துப் பார்த்து, தாளில் குறித்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல் காரில் ஏறிவிட்டார். அன்று எனக்கு அலுவலகத்தில் தணிக்கை, போக முடியவில்லை. மூன்றரைக்குத் தம்பி போன் செய்தான்.

"அக்கா, போச்சி."

"என்னடா ஆச்சி?"

"மட்டம் இல்லியாம்."

"பதினோரு தடவ வந்துச்சே?"

"பன்னண்டாவது வரல. வையி, பஸ்ல இருக்கேன்."

அன்றைக்கு என் குறிப்பில் காரணம் என்று நான் எழுதவில்லை. தேதியும் "தேறவில்லை" என்பதும் மட்டும் இருக்கின்றன.

அடுத்த நாள் தம்பியின் மனைவி மாடிக்கு வந்தாள். துவைத்த துணி இருந்த வாளியைக் கீழே வைக்காமல் கையில் பிடித்தபடியே பேசினாள்.

"அண்ணி, நான் ஒண்ணு கேப்பேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. இவுரு வேணும்னே பண்றாரா?"

"என்னா வேணும்னே?"

"ஃபெயிலு. வேணும்னே ஆவுறாரான்றேன்."

"பைத்தியமா உனக்கு? யாராச்சும் அப்படிப் பண்ணுவாங்களா?"

"பண்ணிட்டுப் போவட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. போவ வேணாம்னா போவ வேணாம்னு வாயத் தொறந்து சொல்லட்டும். பன்னண்டு வருசம் நான் ஒருத்தியாவே இந்த ஊட்டப் பாத்துக்கலியா? இப்ப வந்து உப்பு டப்பா எங்க, மொளகா டப்பா எங்கன்னு கிச்சனையே மாத்தி வைக்கிறாரு. நான் மாத்துறேன், அவுரு மறுபடியும் மாத்துறாரு. போறவருன்னா நான் ஒரு மாதிரி இருப்பேன். இருக்கறவருன்னா வேற மாதிரி இருப்பேன். எது மாதிரி இருக்கறதுன்னே தெரியல அண்ணி."

அவள் வாளியோடு கொடிக்குப் போய்விட்டாள். அதுவரை எனக்குத் தோன்றாத ஒன்றை என் தலையில் இறக்கிவிட்டு அவள் துணி உலர்த்தினாள்.

அன்றிலிருந்து தம்பியை நான் கவனிக்கத் தொடங்கினேன். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. கீழே அவன் மகள் தினமும் மாலை போனை வைத்துக்கொண்டு ஜெர்மன் படிப்பாள். ப்ளஸ் டூ முடித்து நர்சிங்குக்கு விண்ணப்பித்திருந்தாள். இடம் வருவதற்குள்ளாகவே அந்த மொழி. அவள் வகுப்புப் பெண்கள் ஐந்தாறு பேர் அப்படிப் படித்தார்கள். தம்பி சைக்கிள் பம்பைத் துடைப்பது, மிக்ஸியைக் கழற்றிப் பூட்டுவது என்று ஏதாவது செய்துகொண்டு அவள் பக்கத்திலேயே இருப்பான்.

"நர்சிங்கே இன்னும் சேரல. அதுக்குள்ள ஜெர்மனா?"

"சேந்தப்புறம் படிச்சா லேட்டுப்பா. பரீட்ச இருக்குது."

"அங்கெல்லாம் குளிரு ஜாஸ்தி."

"நீ போனியா?"

"போன்ல பாத்தேன்."

"நீ மட்டும் ஃப்ளைட்டு ஏறலாம், நான் ஏறக் கூடாதா?"

"யாரு கூடாதுன்னது? ஏறு. வணக்கத்துக்கு என்னா சொல்லணும், சொல்லு."

அவள் சொன்னாள். அவன் திருப்பிச் சொன்னான். தப்பு என்று சிரித்தாள். மறுபடி சொன்னான். நான் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது அவன் போனான். அவனுக்கும் அவளுக்கும் ஒன்றாக ஒரு கோடைக்காலம் முழுதாகக் கிடைத்தது இந்த ஆண்டுதான்.

செப்டம்பர் 7 அன்று அவளுக்கு இடம் வந்தது. செப்டம்பர் 14, ஞாயிறு, விடுதியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். திங்கள் காலை தம்பி புவனகிரிக்குப் போகவில்லை. நேராகப் பயிற்சிக் கூடத்துக்குப் போனான். அதற்குப் பிறகு அக்டோபர் 11 வரை ஒரு நாளும் புவனகிரிக்குப் போகவில்லை.

இதை அப்படியே தேதி வரிசையில் எழுதிவைத்திருக்கிறேன். இப்படி எழுதியபோது ஒரு காரணம் தானாகவே எழுந்து நின்றது: மகள் வீட்டில் இருக்கும்வரை அவன் தேறவில்லை. எனக்கு அதன்மேல் சந்தேகம். இரண்டு தேதி பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒன்று மற்றதைச் செய்தது என்று ஆகிவிடாது. புவனகிரி வீட்டில் டைல்ஸ் வேலையே செப்டம்பர் 13 அன்று முடிந்துவிட்டது என்பதும் என் குறிப்பிலேயே இருக்கிறது.

மூன்றாவது தேர்வுக்கு முந்தைய ஞாயிறு, எங்கள் கோயிலில் பூசைக்குப் பிறகு, வெளிநாடு போகிறவர்கள் பாஸ்போர்ட்டைப் பீடத்துக்கு முன்னால் தட்டில் வைத்தார்கள். சாமியார் தீர்த்தம் தெளிப்பார், அட்டையில் படும்படி மட்டும். தேறியவர்கள்தான் வைப்பது வழக்கம். தம்பி போய் வைத்துவிட்டு வந்தான். அவன் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே வந்ததும் கேட்டாள்.

"தேறுன மாதிரிதான் வைக்கிறீங்க?"

"தேறுவேன்."

"போன தடவையும் பதினோரு தடவ நின்னுச்சின்னீங்க."

"நான் சொல்லல. மாஸ்டர் சொன்னாரு."

"அப்ப நீங்க என்னாதான் சொல்றீங்க?"

அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். தேடிக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு, "வெயில் ஏறுது, வா," என்றான்.

அக்டோபர் 11, சனி. நான் விடுப்பு எடுத்திருந்தேன். காலையிலிருந்து மேகம். தகரக் கூரைக்கு வெளியே, தேர்வாளரின் காருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். உறவினர்களை உள்ளே விடவில்லை. தம்பிக்கு மூன்றாவது தடுப்பு. கலவையைப் பரப்பினான், நூல் கட்டினான், ஒவ்வொரு டைலாக வைத்து ரப்பர் சுத்தியால் தட்டினான். கடைசி வரிசையில் ரசமட்டத்தை வைத்துவிட்டுக் கையை எடுத்தான். இரண்டு கையையும் முட்டிமேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தான். நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. சேத்தியாத்தோப்புக்காரர் தன் தடுப்பிலிருந்து, "மாமா, போதும் மாமா, தொடாத, அப்படியே உடு," என்றார். தம்பி ஒரு முறை, ஒரே முறை, ஒரு டைலின் ஓரத்தைத் தட்டினான். எழுந்துவிட்டான்.

தேறினான்.

சேத்தியாத்தோப்புக்காரரும் தேறினார். தம்பியைத் தூக்கிச் சுற்றினார். மாஸ்டர் எல்லாருக்கும் டீ சொன்னார். நாலு மணிக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. மழையோடே கடப்பாரையை எடுத்துத் தரையைப் பெயர்த்தார்கள். தம்பி தன் தரையைத் தானே பெயர்த்தான். எனக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அவன் சாதாரணமாகச் செய்தான்.

நவம்பர் 5 அன்று கிளம்பினான். வேன் வந்து நின்ற பிறகும் அவன் மனைவி சமையலறையில்தான் இருந்தாள். டப்பாக்களை எடுத்துப் பழைய இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, அதை மட்டும் அவன் வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள். மகள் விடுதியிலிருந்து வீடியோ காலில் வந்து ஜெர்மனில் ஏதோ சொன்னாள். தம்பி அதே மொழியில் பதில் சொன்னான். தப்பா சரியா என்று எனக்குத் தெரியாது. அவள் சிரிக்கவில்லை.

வேனில் ஏறும்முன் நான் கேட்டுவிட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"டேய், ரெண்டாவது டெஸ்ட்ல குண்டு எந்தப் பக்கம் போச்சி?"

"எதுக்குக்கா இப்ப?"

"சும்மாத்தான். எழுதி வைக்க."

"ஞாபகம் இல்லக்கா," என்றான். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான். பிறகு, "அதெல்லாம் எழுதாத," என்றான்.

எனக்கு அது ஏன் முக்கியம் என்றால், பழக்கத்தில் கை போயிருந்தால் தரை திறப்பைப் பார்த்துத்தான் சாய்ந்திருக்கும். இருபது ஆண்டுக்கு மேல் அவன் கைக்குத் தெரிந்த ஒரே வாட்டம் வாசலுக்கு. முதல் தேர்வில் அப்படித்தான் சாய்ந்தது. தேர்வாளர் போன பிறகு மாஸ்டர் வைத்த குண்டு திறப்புக்கு ஓடியதை நானே பார்த்தேன். உள்பக்கமாக, பின்சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் அது பழக்கம் இல்லை. எங்கள் ஊர்க் கொத்தனார் எவருடைய கையும் தண்ணீரை வீட்டுக்குள் அனுப்பாது. அப்படி ஒரு தரை போட வேண்டுமென்றால் நினைத்துத்தான் போட வேண்டும்.

நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் விசாரித்தேன். சேத்தியாத்தோப்புக்காரர் புறப்படுவதற்கு முன் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் சந்தித்துக் கேட்டேன். தேர்வாளர் போன பிறகு மாஸ்டர் குண்டை வைத்துக் காட்டினார், அது உள்ளே உருண்டு சுவரில் இடித்தது, சத்தம் கேட்டது என்றார். "டக்குனு கேட்டுச்சி அத்த. நல்லா ஞாபகம் இருக்குது." திறப்புப் பக்கம் சுவர் கிடையாது. அப்படியானால் உள்பக்கம்தான். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, பேருந்து கிளம்பும்போது, "இல்ல, அது என் தரையாவும் இருக்கலாம். எங்குதும் அன்னிக்கு ஊத்திக்கிச்சில்ல," என்று ஜன்னல் வழியாகச் சொன்னார்.

மாஸ்டரைக் கேட்டேன். ஆகஸ்ட் 23 அன்று தான் குண்டைக் கொண்டுவரவே இல்லை என்றார். சட்டை மாற்றியபோது வீட்டிலேயே வைத்துவிட்டாராம். "குண்டு எதுக்கும்மா, அவுருதான் மிஷின் வச்சிப் பாத்தாரே." தேர்வுத் தாளைப் பார்க்க முடியுமா என்றேன். அது தேர்வாளரோடு போய்விட்டது, தனக்கு வருவது தேறினார், தேறவில்லை என்பது மட்டும்தான் என்றார். தம்பிக்குக் கிடைத்த சீட்டில் மட்டம் இல்லை என்று இருக்கிறது. எந்தப் பக்கம் என்று இல்லை.

தம்பி வாரம் ஒரு முறை பேசுகிறான். இப்போது டைல்ஸ் வேலைதான். உயரமான கட்டடம், முப்பத்தோராவது மாடி, கழுவித் தள்ளினால் தண்ணீர் எங்கே போகும் என்று தெரியாத தரை என்கிறான். கை சரியாக இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்கிறான். அவன் மனைவி என்னிடம் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. நானும் அவளிடம் எடுக்கவில்லை. நான் விசாரித்தது அவளுக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 23 பக்கத்தில் இடம் விட்டிருந்தேன். போன வாரம் அதில் இப்படி எழுதினேன்: இரண்டாவது தேர்வுத் தரை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது உறுதி செய்யப்படவில்லை. ஒரு சாட்சி உள்பக்கம் என்று சொல்லி, பிறகு தன் சொல்லைத் தானே சந்தேகித்தார். இன்னொருவர் அன்று குண்டே கொண்டுவரவில்லை என்கிறார். போட்டவர் ஞாபகம் இல்லை என்கிறார். தரை அன்று மாலை நாலு மணிக்குப் பெயர்க்கப்பட்டது.